மினி பிசி வாங்கப் போகிறீர்களா? முதலில் இவற்றைப் பாருங்கள்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் இணைத்துவிட்டால் முழுமையான டெஸ்க்டாப் தயார். எக்செல், பில் மென்பொருள், பிரவுசர், வீடியோ கால், பிள்ளைகளின் பாடம் என்று வீட்டிலும் சிறிய அலுவலகத்திலும் நடக்கிற வேலைகளில் பெரும்பகுதியை இந்தப் பெட்டி சிரமமில்லாமல் செய்துவிடும். இடத்தை அடைக்காது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

ஆனால் பழைய டவர் கேபினெட்டில் இருந்த ஒரு வசதி இதில் கிடையாது. அங்கே எது போதவில்லையோ அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். மினி பிசியில் பெரும்பாலும் பிராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கிராஃபிக்ஸும் அதற்குள்ளேயே அடக்கம். போர்ட்டுகள், மின்விசிறி, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு எல்லாம் வாங்கியது வாங்கியபடிதான். ராமையும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) எஸ்எஸ்டியையும் (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) மட்டும் பல மாடல்களில் மாற்றலாம். சிலவற்றில் அதற்கும் வழியில்லை.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள், மாற்ற முடிவதைக் கடைசியில் பாருங்கள். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடும். எளிதில் கூட்டிக்கொள்ளக்கூடிய ராம், எஸ்எஸ்டி அளவுகள் பெரிய எழுத்தில் இருக்கும். பிராசஸரின் முழுப் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: உங்கள் வேலையை அளந்து பாருங்கள்

இப்போது பயன்படுத்தும் கணினியில், வேலை மும்முரமாக இருக்கும் ஒரு நேரத்தில் என்னென்ன திறந்திருக்குமோ அத்தனையையும் திறந்துகொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பிராசஸர் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெமரி 7 ஜிபியைத் தொட்டு நிற்கிறது என்றால் 8 ஜிபி உங்களுக்குப் போதாது. பிராசஸர் பெரும்பாலான நேரம் 20 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்றால் விலை உயர்ந்த பிராசஸர் தேவையில்லை. நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பதைவிட இந்த இரண்டு எண்களும் நம்பகமானவை.

கனமான 3டி விளையாட்டுகள், தொழில்முறை வீடியோ எடிட்டிங், நான்கைந்து ஹார்டு டிஸ்க்குகள் உள்ளேயே இருக்க வேண்டிய வேலை, இவற்றில் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் டவர் பக்கமே போய்விடுவது நல்லது. அடிக்கடி வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றால் லேப்டாப். இந்தப் பெட்டி கையில் அடங்கினாலும் அதற்கு பேட்டரியும் திரையும் கிடையாது.

படி 2: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சந்தையில் இருப்பவற்றைப் பொதுவாக நான்கு வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, இன்டெல் என்100, என்150 போன்ற குறைந்த மின்சாரப் பிராசஸர் கொண்டவை. என்100 2023-இல் வந்தது. நான்கு கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), அடிப்படை மின்தேவை 6 வாட். பிரவுசர், ஆவணங்கள், 4கே வீடியோ, வரவேற்பு மேசை வேலைகளுக்கு இதுவே போதும். நிறைய டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ காலும் பேசுபவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது, லேப்டாப்புக்கான இன்டெல் கோர் அல்லது ஏஎம்டி ரைசன் பிராசஸரைப் போட்டு வருபவை. வேகமும் அதிகம், சூடும் அதிகம். மூன்றாவது, அலுவலகங்களுக்காகவே செய்யப்படும் ஒரு லிட்டர் கொள்ளளவுப் பெட்டிகள்: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. திறந்து மூடுவதற்கு வசதியானவை, உதிரி பாகமும் கிடைக்கும், பயன்படுத்திய நிலையில் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. நான்காவது ஆப்பிளின் மேக் மினி. 2024-இல் வந்த எம்4 மாடல் 12.7 சென்டிமீட்டர் சதுரம்தான். அடிப்படை ராம் 16 ஜிபி. ஆனால் அந்த ராமை வாங்கிய பிறகு கூட்டவே முடியாது. பழைய அகலமான யூஎஸ்பி போர்ட்டும் அதில் இல்லை, அத்தனையும் டைப்-சி. நீங்கள் பயன்படுத்தும் பில் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமென்றால் இந்த வகையை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

இந்தச் சந்தையில் நெடுநாள் அறியப்பட்ட பெயர், இன்டெலின் நக் என்ற மினி பிசி வரிசை. 2023-இல் இன்டெல் அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டு, தயாரிக்கும் உரிமையை ஏசஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. பழைய நக் வாங்கும்போது டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (பெட்டியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எங்கே கிடைக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படி 3: பிராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள்

மாற்ற முடியாதவற்றில் முதலிடம் இதற்கு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

"ஐ7 மினி பிசி" என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஒரு தகவலும் இல்லை. 2013-இல் வந்த நான்காம் தலைமுறைக்கும் ஐ7 என்றுதான் பெயர், 2021-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறைக்கும் ஐ7 என்றுதான் பெயர். பார்க்க வேண்டியது கோடுக்குப் பின்னால் வரும் எண்ணை. ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசியில் வரும் எழுத்தும் முக்கியம். 'டி' என்றால் 35 வாட்டுக்குள் அடக்கப்பட்ட டெஸ்க்டாப் பிராசஸர். 'யு' என்றால் பொதுவாக 15 வாட் அளவிலான லேப்டாப் பிராசஸர், 'எச்' என்றால் 45 வாட் அளவில் உழைப்பது.

ஏஎம்டியில் வேறு மாதிரிச் சிக்கல். 2023-இலிருந்து வந்த 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் முதல் எண் ஆண்டைக் குறிக்கும்; உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது எண். ரைசன் 7 7730யு-வில் மூன்றாவது எண் 3, ஆகவே அது ஜென் 3 (ஜென் என்பது ஏஎம்டி தன் கட்டமைப்புகளுக்கு வைக்கும் பெயர், எண் கூடினால் புதியது). ரைசன் 7 7840யு-வில் மூன்றாவது எண் 4, ஆகவே ஜென் 4. கிராஃபிக்ஸ் திறனில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. ரைசன் 5 7520யு-வோ ஜென் 2 தான். மூன்றும் ஒரே காலத்தவை போலப் பெயர் வைத்திருக்கிறார்கள், வாங்குபவர் ஏமாறாமல் என்ன செய்வார்?

பழைய பிராசஸரைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டி மலிவாகக் கிடைத்தால், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். லினக்ஸ் அதில் அருமையாகவே ஓடும்.

வீடியோ அதிகம் பார்க்கும் வீடாக இருந்தால், ஏவி1 வகை (இணைய வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) வீடியோவை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் திறன் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் பதினோராம் தலைமுறையிலிருந்தும், என்100-இலும் அது உண்டு. இல்லாத பிராசஸரில் அந்த வீடியோவை ஓட்டினால் முழு பிராசஸரும் அதிலேயே மூழ்கி, மின்விசிறி இரைய ஆரம்பிக்கும்.

படி 4: சூடு எங்கே போகிறது என்று பாருங்கள்

ஒரே பிராசஸர், இரண்டு நிறுவனங்களின் பெட்டிகள். ஒன்று நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும். இன்னொன்று ஐந்து நிமிடத்தில் சோர்ந்துவிடும். காரணம் வெப்பம். பெரும்பாலான பிராசஸர்கள் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை போனால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னப் பெட்டிக்குள் காற்று போய்வர இடம் குறைவு என்பதால் இந்த நிலை சீக்கிரமே வந்துவிடும்.

காற்று உள்ளே போகும் துளையும் வெளியே வரும் துளையும் எந்தப் பக்கம் என்று படங்களில் பாருங்கள். அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் மாடலைத் துணி விரித்த மேசையில் வைத்தால் துளை அடைபடும். பின்பக்கம் சூடான காற்றை விடுவதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. மின்விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு. சத்தமே வராது, தூசியும் உள்ளே அதிகம் சேராது. குறைந்த வாட் பிராசஸரோடு வந்தால் அவை நல்ல தேர்வு. 'எச்' வகைப் பிராசஸரை மின்விசிறி இல்லாமல் விற்றால் விலகி நில்லுங்கள்.

படி 5: உங்கள் மேசையை வரைந்து போர்ட்டுகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் பெட்டியை நடுவில் வரைந்து, இணைக்கப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம், பென் டிரைவ், ஹெட்செட், நெட்வொர்க் வயர், ஒன்றோ இரண்டோ மானிட்டர். லேப்டாப்பிலிருந்து வருபவர்கள் மறந்துவிடும் ஒன்று, இந்தப் பெட்டிகளில் கேமராவும் மைக்கும் இருக்காது, ஸ்பீக்கரும் பெரும்பாலும் இருக்காது. வீடியோ கால் முக்கியம் என்றால் வெப்கேமின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் 4கே என்றால் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். 60 முறை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் வேண்டும்.

டைப்-சி போர்ட்டைப் பார்த்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே வடிவத் துளை டேட்டா மட்டும் அனுப்பலாம், மானிட்டருக்குப் படமும் அனுப்பலாம், பெட்டிக்கே மின்சாரமும் வாங்கலாம். மூன்றில் எவை உண்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும். போர்ட்டின் பக்கத்தில் உள்ள குறியீட்டைவிட, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்புங்கள்.

புதிதாக வாங்கியவர்களை வெகுவாகக் குழப்பும் ஒரு கோளாறைச் சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவரைப் பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியிருப்பார்கள். பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க்கை இணைத்து ஃபைல் நகலெடுக்கத் தொடங்கியதும் மவுஸ் திக்கித் திக்கி நகரும், சொடுக்கினால் கேட்காது. மவுஸ் கெட்டுவிட்டது என்று பேட்டரி மாற்றுவார்கள். உண்மையில் யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது உண்டாகும் மின்னிரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. டவரில் போர்ட்டுகள் தள்ளித் தள்ளி இருந்ததால் இது அதிகம் தெரியவில்லை. இங்கே விரலிடைக்குள் எல்லாம் நெருங்கியிருக்கின்றன. ரிசீவரை முன்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினாலோ, ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தாலோ சரியாகிவிடும்.

மானிட்டரின் முதுகில் பெட்டியை மாட்டிவிட விரும்பினால், வெசா துளைகள் (மானிட்டரைச் சுவரிலோ தாங்கியிலோ மாட்டுவதற்கான திருகுத் துளைகள்) 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் மானிட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டிய பிறகு பவர் பட்டனுக்குக் கை எட்ட வேண்டும். உலோக முதுகுக்குப் பின்னால் வைஃபை சிக்னல் குறைவதும் நடக்கும், அலுவலகமாக இருந்தால் நெட்வொர்க் வயரே மேல்.

படி 6: ராம், எஸ்எஸ்டி

இவை மாற்றக்கூடியவை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். "போர்டில் பற்றவைக்கப்பட்டது" என்றோ, எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ராம் என்றோ இருந்தால் பெரும்பாலும் கூட்ட முடியாது. அப்போது 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தால் எத்தனை என்று கேளுங்கள். இரண்டு ஸ்லாட் உள்ளவற்றில் ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி போடுவது நல்லது. கிராஃபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் இதே ராமைப் பகிர்ந்துகொள்வதால், டேட்டாவுக்கு இரண்டு பாதைகள் கிடைக்கும்போது படம் காட்டும் வேகம் கண்கூடாகக் கூடும். என்100 வகைக்கு ஒரே பாதைதான், அங்கே இந்தக் கவலை இல்லை.

சேமிப்பில் 'எம்.2' என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா நொடிக்கு சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ இணைப்பில் நான்கு லேன் (டேட்டா பாதை) கொண்ட என்விஎம்இ 3500 எம்பி வரை போகும். அன்றாட அலுவலக வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது; வாங்கும்போது சரியான வகை தெரிந்திருந்தால் போதும். இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெதுவானது, போர்டோடு ஒட்டியது.

512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் சுமார் 476 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதால் வரும் வித்தியாசம் அது, யாரும் ஏமாற்றவில்லை. "பேர்போன்" என்று எழுதியிருக்கும் பெட்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: உள்ளே ராமும் எஸ்எஸ்டியும் விண்டோஸும் இருக்காது.

படி 7: மின்சாரம்

சராசரியாக 12 வாட் எடுக்கும் மினி பிசி, நாளுக்கு 10 மணி நேரமும் மாதம் 25 நாளும் ஓடினால் 3 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் டவர் அதே நேரத்துக்கு 15 யூனிட் எடுக்கும். ஐந்தாறு கணினிகள் உள்ள அலுவலகத்தில் இது கவனிக்க வேண்டிய தொகை.

அடாப்டரின் லேபிளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 19 வோல்ட். பின்னின் வடிவம் ஒன்றாகவே இருக்கக்கூடும். வீட்டில் கிடக்கும் லேப்டாப் அடாப்டர் செருகினால் பொருந்துகிறதே என்று 12 வோல்ட் பெட்டியில் 19 வோல்ட்டைக் கொடுத்தால் போர்டே போய்விடும். பேட்டரி இல்லாததால் மின்சாரம் நின்ற நொடியில் பெட்டியும் நின்றுவிடும், சேமிக்காத வேலையும் போகும். மின்தேவை குறைவு என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே இதற்கும் மானிட்டருக்கும் தாங்கும்.

படி 8: வந்ததும் சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் இவை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பிரித்ததும் உள்ளே இருந்தவற்றை ஒரு படம் எடுத்து வையுங்கள், அவை வந்த அட்டைப்பெட்டியை அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பிராசஸர் பெயர், ராம் அளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பவற்றை விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புதியது என்று வாங்கியதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது சூட்டுச் சோதனை. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஒரு பக்கம் ஓடவிட்டு, பிராசஸரை முழு வேகத்தில் ஓட்டி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் சோதனையை முதலில் ஒரே ஒரு சுற்றும், பிறகு பத்து நிமிடத் தொடர் ஓட்டமாகவும் நடத்துங்கள். இரண்டு மதிப்பெண்களும் அருகருகே இருந்தால் குளிர்விக்கும் அமைப்பு நன்றாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகு மதிப்பெண் வெகுவாகச் சரிந்தால், விளம்பரத்தில் சொன்ன வேகம் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். இந்த ஓட்டத்தின்போதே நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைக் கேளுங்கள். பகலில் காதில் விழாதது இரவில் படுக்கையறையில் தொல்லையாகலாம்.

எல்லா போர்ட்டிலும் ஒரு முறையாவது எதையாவது செருகிப் பாருங்கள். ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள். இதில் தடுமாறும் பெட்டிகள் நிறைய. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் ராமின் நிலை தெரிந்துவிடும்.

விண்டோஸ் லைசன்ஸையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று அங்கே இருக்கக் கூடாது. தனிநபருக்கு விற்ற பெட்டியில் அப்படி வந்தால், அது உங்களுக்குரிய லைசன்ஸ் இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். 2024-இல் ஒரு தயாரிப்பாளரின் மினி பிசிகள் தொழிற்சாலையிலிருந்தே ஸ்பைவேர் என்ற உளவு மென்பொருளோடு வந்தது அம்பலமானது. அதிகம் அறியப்படாத பெயராக இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸை பென் டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். முறையான லைசன்ஸ் போர்டோடு பிணைந்திருப்பதால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். தொடங்கும் முன் வைஃபை, நெட்வொர்க் டிரைவர்களை இன்னொரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும். டிரைவர் இல்லாமல் வைஃபை பட்டியல் வெறுமையாக நிற்கும்போது கை கட்டிப்போட்டது போல ஆகிவிடும்.

பயன்படுத்தியதை வாங்கினால்

அலுவலகப் பெட்டிகளை இப்படி வாங்குவது நல்ல யோசனைதான். எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்கட்டும். அசல் அடாப்டர் கூட வருகிறதா, பயாஸில் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பாஸ்வேர்டு உள்ளதை எடுப்பது பெரும்பாடு. வைஃபை கார்டு இல்லாமல் விற்கப்பட்ட மாடல்களும் உண்டு. தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குப் போனால் போர்டில் உள்ள நாணய பேட்டரியை மாற்றினால் போதும், பயப்பட வேண்டியதில்லை. மூடியைத் திறந்து மின்விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டி, பிராசஸர் மேலுள்ள காய்ந்த தெர்மல் பேஸ்டை (வெப்பத்தைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகத் தடவினால் சத்தமும் சூடும் ஒருசேரக் குறையும்.

சோதனையில் தேறாத பெட்டியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், பிரவுசரிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் இருந்து வெளியேறி, ரீசெட் வழியாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். மேக் மினி என்றால் தொலைந்த கருவியைத் தேடும் ஃபைண்ட் மை வசதியையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணக்கோடு பூட்டிய பெட்டியாகவே அது கடைக்குப் போய்ச் சேரும். போகும் முன் அடாப்டர், எச்டிஎம்ஐ வயர், வெசா தகடு, திருகுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று வந்தபோது எடுத்த படத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.